கண்ணாடி பீரோவில் ஒரிஜினல்கள்

என் அலுவலக அறையில் இருக்கும் பீரோ கல்யாணச் சீராக வந்த பீரோ. ஆஸ்பத்திரிக்கு யார் சீர் கொடுப்பார்கள் என்று கேட்கலாம். எங்கள் பெரிய டாக்டர் வீட்டுக்குப் புது பீரோ வாங்கியபோது பழையதைத் தூக்கிவந்து என் அறையில் நிறுத்திவிட்டார். பச்சை இரும்பு. வலது கதவில் ஆளுயரக் கண்ணாடி. கண்ணாடியின் மூலையில் யாரோ எப்போதோ ஒட்டிவிட்டுப் போன ஸ்டிக்கர் பொட்டு இன்னும் இருக்கிறது. சாவியைத் திருகினால் மட்டும் திறக்காது. திருகிக்கொண்டே இடது கதவை இடுப்பால் ஒரு தட்டு தட்ட வேண்டும். பத்து வருடமாகத் தட்டுகிறேன். அந்தக் கதவுக்கு என் இடுப்பு தெரியும், வேறு யார் தட்டினாலும் அசையாது.

வீட்டு பீரோவில் பட்டுப்புடவை இருக்கும், பிள்ளைகளின் அரைஞாண் இருக்கும். என் பீரோவில் நாற்பது நர்சுகள் இருந்தார்கள். ஆளுக்கொரு பழுப்புக் கவர். கவருக்குள் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், நர்சிங் பட்டம், கவுன்சில் பதிவு, எல்லாம் ஒரிஜினல். வேலைக்குச் சேருகிற அன்று வாங்கி வைத்துவிடுவோம். அந்தத் தாள்கள் இல்லாமல் வேறு எங்கும் போய்ச் சேர முடியாது, ஆகவே இங்கேயே இருப்பார்கள் என்பது கணக்கு. 'பத்திரமாக வைத்திருக்கிறோம்' என்பது அதற்கு நாங்கள் வைத்திருந்த பெயர். இப்படி வாங்கி வைக்க யாருக்கும் உரிமை இல்லை என்பது எனக்குத் தெரியும், பெரிய டாக்டருக்குத் தெரியும், கவரை நீட்டுகிற பெண்ணுக்கும் தெரியும். தெரிந்த மூன்று பேரும் சேர்ந்துதான் அந்த ரசீதில் கையெழுத்துப் போடுவோம்.

கவரை நான் உள்ளே வைத்துக் கதவைச் சாத்தும்போது அந்தப் பெண் கண்ணாடியில் தன்னைப் பார்ப்பாள். ஒருத்திகூடப் பார்க்காமல் போனதில்லை. சிலர் முடியை ஒதுக்கிக்கொள்வார்கள். கதவு மூடியதும் உள்ளே அவள் படிப்பு, வெளியே அவள் முகம். இரண்டுக்கும் நடுவில் நான், சாவியோடு.

எச்.ஆர். என்று என்னைக் கூப்பிடுவார்கள். ஆள் எடுப்பதும் ஆள் போகாமல் பார்த்துக்கொள்வதும் என் வேலை. எடுப்பது ஒரு நாள் வேலை. போகாமல் பார்ப்பது மீதி எல்லா நாளும். அதற்குக் கல்லூரியில் பாடம் கிடையாது, நான் படித்தது தமிழ் இலக்கியம் வேறு. வேலையில் கற்றதற்கு நானே ஒரு பெயர் வைத்தேன்: இழுத்தல். ஒரு சிஸ்டர் பேப்பர் போட்டுவிட்டு, அதாவது ராஜினாமா கொடுத்துவிட்டு, ஒரிஜினலைக் கேட்டு வருவாள். "பெரிய டாக்டர் கையெழுத்து வேணும்மா, அவர் ஊர்ல இல்லை" என்பேன். அடுத்த வாரம் வருவாள். "ஆடிட் போயிட்டிருக்கு, ரெண்டு நாள்ல எடுத்துத் தாரேன்" என்பேன். ஆடிட் எங்கள் ஆஸ்பத்திரியில் வருடம் முழுக்கப் போய்க்கொண்டிருக்கும். அதற்குள் அவளுக்குக் கோபம் வந்து அழுகை வந்து, அழுகை போய்ச் சலிப்பு வரும். சலிப்பு வந்தவர்கள் டியூட்டிக்குத் திரும்பிவிடுவார்கள். இதை நான் திறமை என்று நினைத்திருந்தேன்.

காலம் மாறியதை முதலில் சொன்னது அந்த பீரோதான். ஆரம்பத்தில் கேரளத்துப் பெண்களின் கவர்கள் இருந்தன. அவர்கள் வேகமாக நடந்தார்கள், வேகமாக வேலை கற்றார்கள், அதே வேகத்தில் கடல் தாண்டினார்கள். பிறகு உள்ளூர்ப் பெண்கள் வந்தார்கள். மேலூர், உசிலம்பட்டி, அலங்காநல்லூர்ப் பக்கம். கல்யாணப் பத்திரிகையோடு வந்து விடைபெறுவார்கள். பிறகு பிரதர்கள் என்று நாங்கள் கூப்பிடும் ஆண் நர்சுகள். பொங்கல் வாரத்தில் ஒரு பிரதர் எழுதிய லீவு லெட்டரை இன்னும் வைத்திருக்கிறேன்: 'எங்கள் காளைக்கு உடன் செல்ல வேண்டியிருப்பதால்.' அந்த வாரம் மாடு முட்டி வந்தவர்களுக்குக் கட்டுப் போட ஆளில்லை. கட்டுப் போட வேண்டிய பிரதரே ஸ்ட்ரெச்சரில் வந்தான். இப்போது ஜார்கண்டிலிருந்தும் மணிப்பூரிலிருந்தும் வருகிறார்கள். மூன்று நாள் ரயிலில் வந்து இறங்கி, வார்டில் நம் பாட்டையாக்களிடம் "வலிக்கிதா? எங்க?" என்று இரண்டே வார்த்தைத் தமிழில் கேட்டு, நாங்கள் பத்து வார்த்தையில் கேட்டும் தெரிந்துகொள்ளாததைத் தெரிந்துகொள்கிறார்கள்.

போன வருடம் கீழக்குயில்குடியைத் தாண்டியிருக்கிற ஒரு நர்சிங் கல்லூரிக்கு ஆள் எடுக்கப் போனேன். ஜன்னலுக்கு வெளியே சமணர் மலை. அங்கே துறவிகள் பாறையில் வெட்டிக்கொண்ட படுக்கைகள் இருக்கின்றன. இந்த வட்டாரத்தில் நிரந்தரமாகத் தங்கும் யோசனையோடு படுக்கை போட்டவர்கள் அவர்கள்தான் போலிருக்கிறது, அவர்களும் போய்விட்டார்கள். எதிரே உட்கார்ந்த இறுதியாண்டு மாணவி நான் கேட்பதற்கு முன்னால் தானே கேட்டாள்.

"ஐ.சி.யூ.ல ஒரு நர்சுக்கு எத்தன பேஷண்ட் சார்?"

சொன்னேன். கொஞ்சம் குறைத்துச் சொன்னேன்.

"ஒரிஜினல் வாங்கி வச்சுக்கிருவீங்களா?"

"பத்திரமா வைப்போம்."

"எங்க வீட்லயும் பத்திரமாத்தான் சார் இருக்கு" என்றாள். பிறகு தன் மொபைலில் ஏதோ குறித்துக்கொண்டு, "யோசிச்சுச் சொல்றேன் சார், நீங்க போலாம்" என்றாள். பத்து வருடமாக நான் மற்றவர்களுக்குச் சொன்ன வாக்கியம். கேட்கும்போதுதான் தெரிந்தது அதில் எவ்வளவு காற்று இருக்கிறது என்று.

வெறுங்கையோடு திரும்பி வந்து சொன்னேன். பெரிய டாக்டர் மேற்கே பழைய பண்ணைக் குடும்பத்திலிருந்து வந்தவர். கிணறு, தோப்பு, ஆள் அம்பு எல்லாம் பார்த்தவர். கையெழுத்து நன்றாக இருக்கும், கோபமும் அப்படியே. "வர்றவளும் வரலை. இருக்கிறவளும் ஜெர்மனி ஜெர்மனிங்கிறா. யார் யார் போகப் போறான்னு நமக்கு முதல்லயே தெரியணுமா இல்லையா?"

"தெரியணும் சார்."

"கோரிப்பாளையத்துல ஜெர்மன் கிளாஸ் நடக்குதாம். நம்ம சிஸ்டருங்க அங்கதான் போறாளுக. நீங்க போய்ச் சேருங்க."

"நானா?"

"நீங்கதான். படிக்கிற ஆள்தானே நீங்க? பின்னால உக்காந்து யார் யார் வாராங்கன்னு ஒரு லிஸ்ட் எடுத்துட்டு வாங்க. ஃபீஸ் நம்ம பாத்துக்கலாம்."

ஆக, என் வாழ்நாளில் நான் படித்த முதல் அந்நிய மொழிக்கு ஒற்றனாகச் சேர்ந்தேன்.

கோரிப்பாளையம் சந்திப்பில் தர்காவுக்குத் திரும்புகிற பக்கம், ஓர் அத்தர் கடைக்கு மேலே மாடி. கீழே நின்றால் சந்தனமும் டீசலும் சேர்ந்து மணக்கும்; மாடி ஏற ஏற சந்தனம் குறைந்து ஒயிட்போர்டு மார்க்கரின் வாசனை வரும். வாரம் மூன்று நாள், மாலை ஆறு மணி. சொல்லிக்கொடுத்தவர் என் வயதொத்த பெண்மணி. அந்தத் தெருக்காரர்தான். கணவரோடு பல வருடம் ஜெர்மனியில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர். பிள்ளைகளை "பேட்டா" என்பார். என்னைப் பார்த்ததும் ஒரு கணம் யோசித்து, "ஜனாப், வாங்க" என்றார்.

நான் கடைசி பெஞ்சுக்குப் போனேன். தலை நிமிர்ந்து பார்த்தால் எனக்கு முன்னால் ஏழு பின்னல்கள். ஏழும் எனக்குத் தெரிந்த பின்னல்கள். காலையில் நான் போட்ட டியூட்டி சார்ட்டில் இருந்த ஏழு பேர். முதல் பெஞ்சில் ஐ.சி.யூ. இன்சார்ஜ் சிஸ்டர்.

இவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எட்டு வருடமாக எங்களிடம் இருக்கிறார். அலங்காநல்லூருக்குப் போகிற வழியில் இறங்கி உள்ளே நடக்கிற ஊர். அவர் அப்பாவும் அம்மாவும் பிறர் வயலில் நாற்று நட்டு வளர்த்த பிள்ளை, இப்போது அதே ஊரில் அவர்களே குத்தகைக்குப் பயிர் வைக்கிறார்கள். அந்தக் குடும்பத்தில் முதலில் வெள்ளை யூனிபார்ம் போட்டவர். வெண்டிலேட்டர் தவறான நேரத்தில் ஒரு சத்தம் போட்டால் அடுத்த அறையிலிருந்தே "ட்யூப்ல தண்ணி நிக்குது பாரு" என்று சொல்லிவிடுவார். பெரிய டாக்டரே அவர் முகத்தைப் பார்த்துத்தான் நோயாளியின் உறவினரிடம் என்ன சொல்வது என்று முடிவு செய்வார்.

அவர்தான் முதலில் திரும்பிப் பார்த்தார். அதிர்ச்சி இல்லை, பயம் இல்லை. முகம் மலர்ந்தது.

"சார்! நீங்களுமா?"

நான் வேவு பார்க்க வந்தேன் என்று எப்படிச் சொல்வது? "ஆமாம்மா" என்றேன்.

"ஏ, சாரும் போறாங்கடி" என்றாள் பக்கத்தில் இருந்த சின்னவள். ஏழு பேரும் திரும்பினார்கள். வெட்கப்பட வேண்டியது அவர்கள் என்று நினைத்துத்தான் படியேறியிருந்தேன்.

"இந்த வயசுலயா சார்?" என்றாள் இன்னொருத்தி.

"அங்க எச்.ஆருக்கும் ஆள் பஞ்சமாம்டி."

"பீரோவும் கொண்டு போவீங்களா சார்?"

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்ய?

முதல் நாள் பாடம், எந்த ஊர் என்று சொல்வது. 'நான் மதுரையிலிருந்து வருகிறேன்.' ஜெர்மனில் அது, இஷ் கோமெ அவுஸ் மதுரை. ஒவ்வொருவராக எழுந்து சொல்ல வேண்டும். இன்சார்ஜ் சிஸ்டர் சொன்னபோது வாக்கியம் விமானம் ஏறிவிட்டது. என் முறை வந்தது. ஐம்பதை நெருங்குகிற நாக்கு, பல வருடமாக ஆடிட், கையெழுத்து, ரெண்டு நாள் என்றே புரண்ட நாக்கு. மூன்று முறை தடுக்கியது. "ஜனாப், மதுரையிலேயே நின்னுட்டீங்களே, கிளம்புங்க" என்றார் ஆசிரியை.

உண்மையைச் சொல்கிறேன். பிடித்துப்போனது. லிஸ்ட் எடுக்கிற நோட்டில் ஜெர்மன் வார்த்தைகளை எழுத ஆரம்பித்தேன். வைகைப் பாலத்தில் பஸ் நிற்கும்போது வாய்க்குள் சொல்லிப் பார்ப்பேன். ஆற்றில் தண்ணீர் இல்லாவிட்டால் என்ன, பாலம் பாலம்தானே. கரையில் நிற்கிறவனுக்கு அக்கரையின் பெயர் தெரிந்துவிட்டால் போதும், கால் துடிக்க ஆரம்பித்துவிடும். எனக்குத் துடித்தது. மகள் படிப்பு, வீட்டுக் கடன், அம்மாவின் சர்க்கரை எல்லாவற்றையும் வைத்துக்கொண்டே துடித்தது. பெரிய டாக்டர் லிஸ்ட் எங்கே என்று கேட்டபோதெல்லாம், "இன்னும் முழுசா வரலை சார், ரெண்டு நாள்ல தாரேன்" என்றேன். அவரையும் இழுத்தேன். தொழில் திறமை வீணாகாது.

இதற்குள் செய்தி வார்டு வார்டாகப் போய்விட்டது. ஒரு காலையில் கேட்டில் செக்யூரிட்டி வழிமறித்தார்.

"அண்ணே, ஜெர்மனி போறீங்களாம்ல?"

"யாருய்யா சொன்னது?"

"கேண்டீன்ல அம்புட்டுப் பேரும் சொல்றாய்ங்க. அங்க செக்யூரிட்டிக்கு ஆள் எடுக்குறாய்ங்களான்னு விசாரிச்சுச் சொல்லுங்கண்ணே. குளிர் நான் தாங்கிருவேன். கொடைக்கானல்ல ஒரு மாசம் இருந்திருக்கேன்."

அன்று மதியமே பெரிய டாக்டர் கூப்பிட்டார். மேசையில் இருந்த பேப்பர் வெயிட்டை உருட்டிக்கொண்டே இருந்தார்.

"நீங்க கிளாசுல நல்லாப் படிக்கிறீங்களாமே."

"நீங்கதான் சார் அனுப்பினீங்க."

"அனுப்பினேன். ஆனா படிக்கச் சொல்லலையே." சிரித்தார். பிறகு சிரிக்காமல் சொன்னார், "உங்களச் சந்தேகப்படலை. ஒரு ஒழுங்குக்காகச் சொல்றேன். உங்க ஒரிஜினலையும் கொண்டாந்து பீரோவுல வச்சிருங்க. பத்திரமா இருக்கும்."

மறுநாள் என் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, இளங்கலை, முதுகலைத் தமிழ் எல்லாவற்றையும் கொண்டுவந்தேன். என் பெயரை எழுதிக் கவரில் போட்டேன். ரசீது எழுதினேன். பெற்றுக்கொண்டவர் கையெழுத்தும் நான்தான், கொடுத்தவர் கையெழுத்தும் நான்தான். இடுப்பால் தட்டித் திறந்தேன், வைத்தேன், சாத்தினேன். கண்ணாடியில் ஓர் ஆள் முடியை ஒதுக்கிக்கொண்டிருந்தான். நாற்பத்தொன்று.

அதன் பிறகு டாக்டருக்கு ஒரு பழக்கம் வந்தது. தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு என் அறைக்கு வருவார். "திறங்க" என்பார். பேனா முனையால் கவர்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணுவார். நாற்பத்தொன்று வந்ததும் போய்விடுவார். எந்தக் கவரையும் பிரித்துப் பார்த்ததில்லை. பண்ணையில் சாயங்காலம் மாடு எண்ணிக் கட்டிய வீட்டுப் பிள்ளை. தலை சரியாக இருந்தால் போதும்.

அப்போதுதான் அந்தத் திங்கட்கிழமை வந்தது. இன்சார்ஜ் சிஸ்டர் டியூட்டி முடித்து நேராக என் அறைக்கு வந்தார்.

"சார், ஜெர்மன் ஆஸ்பத்திரியில என்னை எடுத்துக்கிட்டாங்க. வெள்ளிக்கிழமை சென்னையில ஒரிஜினலைக் காட்டணும். ஒரே நாள்தான் குடுத்திருக்காங்க. விட்டா மறுபடி எப்பக் கெடைக்கும்னு தெரியாது. வியாழக்கிழமை சாயங்காலம் பஸ். அதுக்குள்ள குடுத்துருங்க. காட்டிட்டுத் திரும்பி வந்துருவேன். கெளம்ப இன்னும் மாசக்கணக்குல ஆகும்."

ஆஸ்பத்திரிக்குத் தரச் சான்று கொடுப்பதற்கான ஆய்வு அடுத்த திங்கட்கிழமை. ஐ.சி.யூ.வைச் சுற்றிக்காட்ட இவரை விட்டால் ஆள் கிடையாது. டாக்டரிடம் சொன்னேன். அவர் பேப்பர் வெயிட்டை உருட்டுவதை நிறுத்தினார்.

"வெள்ளிக்கிழமை போனா திங்கக்கிழமை வருவான்னு என்ன நிச்சயம்? குடுக்காதீங்க. ஆய்வு முடியட்டும். இழுங்க. உங்களுக்குத்தான் அது நல்லா வரும்ல?"

செவ்வாய்க்கிழமை கேட்டார். "டாக்டர் கையெழுத்து வேணும்மா" என்றேன். புதன்கிழமை கேட்டார். "ஆடிட்..." என்று தொடங்கினேன். என் வாய் அந்த வார்த்தையைச் சொல்லி முடிக்கும்வரை அவர் பொறுமையாக நின்றார். முதல் பெஞ்சிலிருந்து திரும்பி என் தப்பைத் திருத்துவாரே, அதே முகம்.

அழுவார் என்று காத்திருந்தேன். அழுதால் எனக்கு வழி தெரியும். தண்ணீர் கொடுப்பேன், உட்காரச் சொல்வேன், நாளைக்கு வரச் சொல்வேன். அவர் அழவில்லை. பீரோக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு, யாரிடமோ சொல்வதுபோல மெதுவாகச் சொன்னார்.

"எங்க தாத்தாகிட்ட ஒரு தாள்ல கைநாட்டு வாங்கி வச்சுக்கிட்டு, காலம்பூரா ஒரு தோட்டத்த விட்டு வெளிய விடலை சார். அதுல என்ன எழுதியிருக்குன்னு வாசிக்கத் தெரியாததுனாலதான் மாட்டிக்கிட்டாருன்னு எங்கப்பா சொல்லும். அதுக்காகவே என்னைப் படிக்க வச்சுச்சு. படிச்சேன். இப்ப அந்தப் படிச்ச தாளவே பிடிச்சு வச்சிருக்கீங்க."

நான் பேனாவை மூடித் திறந்தேன்.

"லிஸ்ட் எடுக்கத்தான் கிளாசுக்கு வந்தீங்கன்னு எங்களுக்கு ரெண்டாவது நாளே தெரியும்" என்றார். "டாக்டர் கார் டிரைவர் சொல்லிட்டாரு. ஆனா நீங்க நோட்டுல வார்த்தைய எழுதுனீங்க, பேர எழுதலை. அத நான் பாத்தேன். அதனாலதான் கேக்குறேன். வாரேன் சார்."

போய்விட்டார். போன பிறகும் அறையில் அவர் கேட்டது இருந்தது. மின்விசிறி சுற்றியது, அது போகவில்லை.

வியாழக்கிழமை மதியம். சாப்பாட்டு நேரம், தாழ்வாரத்தில் ஆளில்லை. நான் என்ன செய்தேன் என்பதை வீரமாகச் சொல்ல வழியில்லை. வீரன் என்றால் டாக்டர் அறைக்குப் போய், "இது தப்பு சார்" என்று சொல்லியிருப்பான். நான் என் அறைக் கதவைத் தாழிட்டேன். சாவி, இடுப்பு, தட்டு. இன்சார்ஜ் சிஸ்டர் கவரை எடுத்தேன். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலின் ஓரத்தில் மஞ்சள் கறை. ரிசல்ட் வந்த அன்று சாமி படத்துக்கு முன்னால் வைத்திருப்பார்கள் போல. ஒரு விரல் அளவுக்கு மஞ்சள் அப்படியே காய்ந்திருந்தது. எட்டு வருடம் அந்த விரலும் இந்த பீரோவுக்குள் இருந்திருக்கிறது.

எடுத்தாயிற்று. சாயங்காலம் ஐந்து மணிக்கு டாக்டர் எண்ணுவார். அவருக்கு நாற்பத்தொன்று வேண்டும். காலிக் கவர் என்றால் பேனா முனைக்கே தெரிந்துவிடும். யோசித்தேன். பிறகு என் கவரைத் திறந்தேன். முதுகலைத் தமிழையும் இளங்கலையையும் அதிலேயே விட்டுவிட்டு, என் பத்தாம் வகுப்பையும் பன்னிரண்டாம் வகுப்பையும் எடுத்து அவர் பெயர் எழுதிய கவரில் போட்டேன். கனத்துக்கு என்னுடைய பழைய தமிழ் மன்றச் சான்றிதழ் இரண்டு. ஐ.சி.யூ. இன்சார்ஜ் சிஸ்டர், பேச்சுப் போட்டியில் இரண்டாம் பரிசு.

டிபன் கேரியர் பைக்குள் வைத்து அவருடைய தாள்களை ஐ.சி.யூ. வாசலில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு மஞ்சள் கறை இருக்கிறதா என்று முதலில் பார்த்தார்.

"ரசீது வேணுமா சார்?" என்றார்.

"ஓடும்மா, பஸ்ஸ விட்ருவ."

ஐந்து மணிக்கு டாக்டர் வந்தார். திறந்தேன். பேனா முனை நகர்ந்தது. முப்பத்தொன்பது, நாற்பது, நாற்பத்தொன்று. "குட்" என்றார்.

வெள்ளிக்கிழமை வார விடுமுறை என்று டியூட்டி சார்ட்டில் போட்டிருந்தேன்; சனிக்கிழமை காலை இன்சார்ஜ் சிஸ்டர் ஐ.சி.யூ.வில் நின்றுகொண்டிருந்தார். திங்கட்கிழமை ஆய்வுக்கு வந்தவர்களுக்கு ஒவ்வொரு படுக்கையாகச் சுற்றிக்காட்டினார். அவர்கள் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் வந்தது, கேட்காததற்கும் வந்தது. சான்று கிடைத்துவிட்டது. டாக்டர் என் தோளைத் தட்டினார். "பாத்தீங்களா, ஒரிஜினல் நம்மகிட்ட இருந்ததுனாலதான் நின்னா. விட்டிருந்தா போயிருப்பா." நான், "ஆமா சார்" என்றேன். அந்தச் சான்றிதழைக் கண்ணாடி போட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கிறார்கள். ஒரிஜினல் அது.

ஐந்து மாதம் கழித்து அவர் முறைப்படி பேப்பர் போட்டார். ஒரு மாத நோட்டீஸ். அந்த மாதத்தில் ஜார்கண்ட் சிஸ்டர்கள் இருவரைப் பக்கத்திலேயே வைத்து வெண்டிலேட்டரின் சத்தங்களைச் சொல்லிக்கொடுத்தார். பாதி இந்தி, பாதி தமிழ், மீதி கை. டாக்டர் ராஜினாமாவை ஏற்றுக்கொள்ளவில்லை. "ஏத்துக்கலைன்னே எழுதிப் போடுங்க. ஒரிஜினல் இல்லாம எங்க போயிருவா?"

போய்விட்டார். அவர் பனியில் நிற்கிற படம் ஒருநாள் மொபைலில் வந்தது. மேல்கோட்டுக்குள் கழுத்துவரை மூடியிருந்தது, சிரிப்பு மட்டும் திறந்திருந்தது. ஆஸ்பத்திரி முழுக்க அந்தப் படம் சுற்றியது. டாக்டரும் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"ஜெராக்ஸ வச்சு எத்தன நாளைக்கு ஓட்டுவா? ஒரிஜினல் கேப்பாங்கள்ல, அப்ப இங்கதான் வரணும்" என்றார். அதனால் அந்த இடத்துக்கு இன்னும் நிரந்தரமாக யாரையும் போட விடவில்லை. "அவ வருவா" என்கிறார். அவர் குரலில் அதிகாரம்தான் இருக்கிறது என்று நினைத்திருந்தேன். கவனித்துக் கேட்டால் வேறொன்றும் கேட்கிறது. வீட்டை விட்டுப் போன பிள்ளைக்குச் சோறு எடுத்து மூடி வைக்கிற குரல்.

இன்னொன்றும் செய்தார். "அவ ஃபோன் பண்ணிக் கெஞ்சினா உங்களுக்கு மனசு இளகிரும்" என்று சொல்லி பீரோச் சாவியை வாங்கித் தன் மேசை இழுப்பறையில் போட்டுக்கொண்டார். ஆனால் திறக்க வேண்டுமென்றால் என்னைத்தான் கூப்பிட வேண்டியிருக்கிறது. சாவி அவரிடம், இடுப்பு என்னிடம். அவர் பக்கத்திலேயே நிற்பார், நான் தட்டுவேன், அவர் எண்ணுவார். புதிதாகச் சேருகிறவர்கள் இப்போது ஒரிஜினல் தருவதில்லை, தரச் சொன்னால் சேருவதில்லை. ஆகவே எண்ணிக்கை ஏறுவது நின்றுவிட்டது. இருக்கிறதையே எண்ணுகிறோம்.

நான் கிளாசை விடவில்லை. லிஸ்ட் கேட்பாரில்லை, ஃபீஸ் இப்போது என் பணம். என்னோடு சேர்ந்த ஏழு பேரில் நான்கு பேர் அடுத்த வகுப்புக்குப் போய்விட்டார்கள். முன் பெஞ்சில் புதுப் பின்னல்கள், வேறு ஆஸ்பத்திரிகள். அதில் ஒன்று, கீழக்குயில்குடியில் என்னைப் போகச் சொன்ன பெண். "நீங்களுமா சார்?" என்றாள் அவளும். இந்தத் தடவை யோசிக்காமல், "ஆமா" என்று சொன்னேன்.

போன வாரம் பரீட்சைக்குப் பெயர் எழுதினார்கள். ஆசிரியை ஒவ்வொருவராகக் கேட்டு வந்து என்னிடம் நின்றார்.

"ஜனாப், பாஸ்போர்ட்?"

"இல்லையே மேடம்."

"அது இல்லாம பரீட்சைக்கு உள்ள விடமாட்டாங்க. உங்க பத்தாவது மார்க் ஷீட் ஒரிஜினலைக் காட்டி முதல்ல பாஸ்போர்ட் எடுங்க. பொறந்த தேதிக்கு அதைத்தான் கேக்குறாங்க. ஒரிஜினல் எங்க இருக்கு?"

என் பத்தாம் வகுப்பு என் கண்முன் வந்தது. பீரோவில், வேறொருவர் பெயர் எழுதிய கவரில், அவர் திரும்பி வருவார் என்பதற்கு அத்தாட்சியாக, தினமும் மாலை ஐந்து மணிக்குப் பேனா முனையால் தொடப்பட்டுக்கொண்டு.

"ஆஸ்பத்திரியில மேடம். பத்திரமா இருக்கு."

"எப்பத் தருவாங்க?"

வாயைத் திறந்தேன். என்ன வரப்போகிறது என்று எனக்கே தெரியவில்லை. பழகிய நாக்கு.

"ஆடிட் போயிட்டிருக்கு மேடம். ரெண்டு நாள்ல..."

முடிக்க விடவில்லை. முன் பெஞ்சிலிருந்து கடைசி பெஞ்சுவரை அத்தனை பின்னல்களும் குலுங்கின. எந்த ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவளுக்கும் அந்த வாக்கியம் தெரிந்திருந்தது. கீழக்குயில்குடிப் பெண் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள். கீழே அத்தர் கடைக்காரர் என்னவோ ஏதோ என்று வெளியே வந்து மாடியை அண்ணாந்து பார்த்தார்.